சத்தமில்லாத இரண்டாம் நம்பர்

இரண்டாம் நம்பர் மெஷின் கத்த ஆரம்பித்த நாளிலிருந்தே முத்தாயிக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல், வயிற்றுவலி என்று சொல்லக்கூடிய நோயாக இருந்தால் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மாத்திரை கொடுப்பார், தின்றுவிட்டு வேலைக்கு வரலாம். இது காதுக்குள் ஒரு கீச்சு. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் விடாது, தலைக்குக் குளித்தாலும் விடாது. "செல்லம்மா, என் மண்டைக்குள்ள யாரோ தகரத்த சொறியிறாங்கடி" என்பாள். நான் என்ன மருந்தா வைத்திருக்கிறேன்? "பஞ்ச அடைச்சுக்க" என்றேன். அடைத்துக்கொண்டாள். பஞ்சு உள்ளே போய் மாட்டிக்கொண்டது, அதை எடுக்க டிரஸ்ஸரிடம் ஓடியதுதான் மிச்சம்.

சிரம்பான் டவுனை அடுத்த லாபு பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட். பாக்டரியில் நாலு உருளை மெஷின். கட்டியாக உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், நசுங்கித் தண்ணீர் வடிந்து மறுபக்கம் சீட்டாக வரும். இரண்டாம் நம்பரில் முத்தாயி முன்னால் நின்று கொடுப்பாள், நான் பின்னால் நின்று வாங்குவேன். என் புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட நான் அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

முன்பெல்லாம் மோட்டாருக்கு ஒரே வேகம்தான். சூயிச்சைப் போட்டால் மாடு முட்டுவது போல ஒரு உதை உதைத்துக் கிளம்பும். பெல்ட் அறும், மோட்டார் கருகும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் மானேஜர் இரண்டாம் நம்பருக்கு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி வாங்கி மாட்டினார். அதில் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் உருளையின் வேகம் கூடும், குறைத்தால் குறையும், பூச்சியத்தில் வைத்தால் நிற்கும். நல்ல பெட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஊட்டிய கரண்ட் மோட்டாரை ஓயாமல் கீச்சிட வைத்தது. உருளை நின்றாலும் கீச்சு நிற்காது. சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பெட்டியையே அணைத்தால்தான் ஓயும். அணைத்தாலோ, மறுபடி கிளம்ப அந்தப் பெட்டி அடம்பிடிக்கும், சில நாள் சிரம்பானிலிருந்து ஆளையே வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் எங்களை மேய்க்கிற பாக்டரி மண்டோர் சன்னாசி ஒரு சட்டம் போட்டார். "செவப்பத் தொடாதீங்க. நிறுத்தணும்னா குமிழ மட்டும் திருப்புங்க."

அப்படியே செய்து பழகினோம். உருளையில் ஒட்டிய பாலைச் சுரண்ட வேண்டுமென்றால் மட்டும் சன்னாசியைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்வோம். கீச்சு கேட்கிற வரை உருளைக்கிட்டே கை போகாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, காது தானாகவே கற்றுக்கொண்டது.

மற்றவர்களுக்குத் தலைவலியோடு போயிற்று. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற முத்தாயிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இரண்டு முறை மயங்கி விழப் பார்த்தாள். மானேஜர் பார்த்துவிட்டு, "நிக்க முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். முத்தாயிக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தான், ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடித்தனம் போட்டுவிட்டான். முத்தாயியும் மகள் நீலாவதியும்தான் அந்த வீட்டில். நீலாவதி படிப்பில் சூட்டிகை, பாரம் நாலு, பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரே வகுப்பு, தினமும் பஸ் ஏறிச் சிரம்பான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். தாய் மெஷினில் நின்றால்தான் மகள் பள்ளிக்கூடத்தில் நிற்பாள். கணக்கு அவ்வளவுதான்.

"அவ பாரம் அஞ்சு முடிக்கிற வரைக்கும் நான் நிக்கணும்டி. அதுக்கப்பறம் காது செவிடானாலும் சரி, வேல போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு நிற்பாள் முத்தாயி. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் நான் அவள் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன்.

தங்கராஜு அவளுக்குப் பிள்ளை மாதிரி. தாய் போனபோது அவன் கைக்குழந்தை, அக்காதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். தலைநகர் கே.எல்.லில் எலெக்ட்ரானிக் படித்துவிட்டு, சிரம்பானில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தான். டவுனை ஒட்டிய ரஹாங்கில் நாலு பையன்களோடு ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், அக்கா முகத்தைப் பார்த்தான், நேரே பாக்டரிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். பார்த்துவிட்டு வந்து எங்கள் முன்னால் குந்தினான்.

"ஏன்டா தம்பி இது இப்படிக் கத்துது?" என்றேன்.

"அக்கா, அந்தப் பொட்டிக்குள்ள சூயிச்சு இருக்கு. கையால போடற சூயிச்சு இல்ல. செகண்டுக்கு ஆயிரக்கணக்குல போட்டுப் போட்டு அணைக்கும். அப்படிப் பண்ணித்தான் மோட்டார் வேகத்தக் கூட்டிக் கொறைக்குது. ஆனா கரண்ட் முழுசா ஓடறப்பவே வெடுக்கு வெடுக்குனு அணைக்குது. சூடு ஏறுது. அதுக்குப் பயந்து ரொம்ப வேகமா அணைக்க மாட்டேங்குது. அந்த வேகத்துல வர்ற சத்தம் நேரா மனுசன் காதுக்கே வருது."

"அப்ப மெதுவா அணைக்கச் சொல்லு."

"மெதுவா இல்லக்கா, நேரம் பாத்து. ஓடற லோரியிலருந்து குதிச்சா என்னாவும்?"

"முட்டி பேந்துரும்."

"லோரி நின்னதும் எறங்குனா ஒண்ணும் ஆகாதுலா. நாங்க புதுசா செய்யற பொட்டியில கரண்ட் தானா ஏறித் தானா எறங்கும். சைபருக்கு வர்ற அந்த நொடிக்குக் காத்திருந்து சூயிச்சு அணைக்கும். அடி இல்ல, சூடு இல்ல. சூடு இல்லன்னா எவ்ளோ வேகமா வேணும்னாலும் போட்டு அணைக்கலாம். அந்தச் சத்தம் நம்ம காதுக்கு எட்டாது, நாய்க்குத்தான் கேக்கும்."

"அட, சூயிச்சுக்கும் நல்ல நேரமா? சன்னாசி அண்ணன் பஞ்சாங்கத்த அது வாங்கிட்டுப் போயிருச்சாட்டம் இருக்கு" என்றேன். முத்தாயி சிரித்தாள். பல மாதம் கழித்து அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, தங்கராஜு மெனக்கெட்டான். கம்பெனி முதலாளியைக் கெஞ்சி, மானேஜரைக் கெஞ்சி, பரீட்சார்த்தமாக ஒரு பெட்டி கொண்டுவர அனுமதி வாங்கினான். முதல் பெட்டி புகைந்தது. இரண்டாவது ஓடி ஓடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிடாமல் வந்து, அக்கா வீட்டுச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டே பாக்டரிக்கு ஓடினான். கடைசியில் ஒரு பெட்டி தாக்குப்பிடித்தது. குமிழைத் திருப்பினான். உருளை உருண்டது. பல்சக்கரம் அரைபடும் சத்தம் மட்டும் மழை பெய்கிற மாதிரிக் கேட்டது. பூச்சியத்துக்குத் திருப்பினான், ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. மண்டோர் சன்னாசிக்கு நம்பிக்கை வராமல் மோட்டாரில் காதை வைத்தே கேட்டார்.

அவன் ஒன்றையும் சொல்லாமல் விடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெட்டியின் மேலே இருந்த பச்சை விளக்கைக் காட்டினான். "இது எரிஞ்சா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். உருள சும்மா நிக்குதேன்னு கை வெக்காதீங்க. இந்தப் பொட்டிய செவப்ப அமுக்கி அணைக்கலாம், திரும்பப் போட்டா ஒடனே வந்துரும்" என்றான். எங்கள் எல்லாரிடமும் சொன்னான். சன்னாசியைத் திருப்பிச் சொல்லவும் வைத்தான். நாங்களும் தலையை ஆட்டினோம். ஆனால் சிவப்பைத் தொடாதே என்று ஒரு வருஷமாகப் பழகிய கை, தொடலாம் என்று ஒரே நாளில் கேட்டுவிடுமா? குமிழைத் திருப்பித்தான் நிறுத்தினோம். சுரண்டுகிற நேரத்துக்கு மட்டும் சன்னாசி பழையபடி வந்து அணைத்துக் கொடுத்தார்.

அந்தச் சில மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அவ்வளவு நன்றாக இருந்தது. முதல் வாரம் நாங்கள் பழக்கத்தில் கத்திக் கத்தியே பேசினோம். ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொன்னது கணக்கு எழுதுகிற கிராணி ஆபீஸ் வரை கேட்டுவிட்டது. முத்தாயிக்குத் தூக்கம் வந்தது. கன்னம் கொஞ்சம் தேறியது. நீலாவதி பாரம் அஞ்சுக்குப் போனாள். "இன்னும் ஒரு வருசம்டி" என்பாள் முத்தாயி, பாலைக் கொடுத்துக்கொண்டே. இந்த மெஷினால் ஒருத்தி பிழைத்தாள் என்று நானும் நம்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று யார் கண்டது?

ஆயுத பூசை வந்தது. எங்கள் பாக்டரியில் அது தீபாவளியைவிடப் பெரிசு. வருஷம் பூராவும் நம்மைப் படுத்துகிற இரும்புக்கு அன்றைக்கு ஒருநாள் நாம் மரியாதை செய்வோம், அடுத்த வருஷமாவது கொஞ்சம் இரக்கம் காட்டட்டும் என்று. மெஷினைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, உருளைகளுக்கு நடுவே ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்போம். கற்பூரம் காட்டியதும் மெஷினை ஓட விடுவோம், உருளை பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பும். கண்திருஷ்டி எல்லாம் அதோடு போயிற்று என்று கணக்கு. இரண்டாம் நம்பருக்குப் பழம் வைப்பது எப்போதும் முத்தாயிதான். புருஷன் ஓடிப்போனாலும் தாலி கழுத்தில் இருந்ததல்லவா, அந்த மரியாதை.

அந்த வருஷம் தங்கராஜுவையே முக்கிய விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தான். சன்னாசி அவனுக்கு மாலை போட்டார். நீலாவதி மாமன் பக்கத்தில் பொரித் தட்டோடு நின்றாள். வாசலில் வாழைக்கன்று. மெஷினுக்கு மேலே ஆபத்து என்றால் இழுத்து மெஷினை நிறுத்துகிற கயிறு ஒன்று உண்டு, அதில் மாவிலைத் தோரணம். டேப்பில் நாதஸ்வரம்.

காலையில் உருளையைக் கழுவுவதற்காகச் சன்னாசி மெஷினை மெதுவாக ஓட விட்டிருந்தார். கழுவி முடித்ததும் பழக்கப்படி குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். சிவப்பை அமுக்கவில்லை. பழைய பெட்டியாக இருந்தால் யாராவது ஒருத்தி, "யோவ் மண்டோரு, இன்னும் கத்துதுய்யா, அணச்சுட்டுப் பூசையப் பண்ணு" என்று சத்தம் போட்டிருப்போம். எங்கள் காதுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெட்டிக்கு நெற்றி என்று ஒன்று உண்டென்றால் அந்த விளக்கு இருக்கிற இடம்தான். சன்னாசி அங்கேதான் மூன்று விரலால் சந்தனத்தை அப்பி, நடுவே குங்குமத்தை வைத்தார். பக்தியோடுதான் வைத்தார்.

பிறகு மாலை. தட்டையான பெட்டியில் மாலை எங்கே நிற்கும்? துருத்திக்கொண்டிருந்தது குமிழ் ஒன்றுதான். அதில் மாட்டினார். வழுக்கியது. நாரைக் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார், இறுக்கின இறுக்கில் குமிழும் கூடவே கொஞ்சம் திரும்பியது.

அதே நேரத்தில் முத்தாயி குனிந்து பழத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஈர உருளையில் பழம் நிற்காமல் உருண்டது. விரலால் அழுத்திப் பிடித்தாள்.

பழைய மோட்டாராக இருந்தால் உதைத்திருக்கும், உறுமியிருக்கும், கையைப் பறித்துக்கொள்ள ஒரு நொடியாவது கிடைத்திருக்கும். இது மெதுவாக, மரியாதையாகக் கிளம்பியது. முத்தாயி முதலில் அலறக்கூட இல்லை. யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி, "ஏய்" என்றாள். எதிரே நின்ற நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன்.

கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். மாவிலையெல்லாம் என் தலைமேல் கொட்டியது. உருளை நின்றது. அதற்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. தங்கராஜு மாலையோடு பாய்ந்து வந்து, உருளைகளின் இடைவெளியைத் தளர்த்துகிற திருகை இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பினான். "அக்கா, அக்கா, அக்கா" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. நீலாவதி பொரித் தட்டைக் கீழே போடவே இல்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது கை.

தங்கராஜு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதான். "என்னத் திட்டுக்கா, ரெண்டு வார்த்தையாச்சும் திட்டு" என்றான். "நீ என்னடா பண்ணுவ, நான் கேட்டேன், நீ செஞ்ச" என்றாள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வராந்தாவில் வைத்து அவள் திட்டாததையும் சேர்த்து நான் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான், எதற்காகத் திட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சன்னாசியைத் திட்டலாமா? அந்த மனுஷன் அன்றைக்கு விட்ட சோற்றை இன்னும் சரியாகத் தின்னவில்லை. சாமியைத் திட்டலாம், அது எப்போதும் காது கேட்காத மாதிரியே இருக்கும். எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது, ஆள்தான் அகப்படவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். பெட்டியைத் திறந்து, மீட்டர் வைத்து, ஒருநாள் முழுக்கப் பார்த்தார்கள். பெட்டியில் ஒரு குறையும் இல்லை, மிக நன்றாக வேலை செய்கிறது என்று தங்கராஜுவிடமே சொன்னார்கள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மானேஜரிடம் போய், "சார், ஒரு மணியாச்சும் வெச்சுத் தர்றேன். உயிர் இருக்கிற வரைக்கும் அடிக்கட்டும்" என்று கேட்டான். "சத்தம் வேணாம்னு கேட்டது நீங்கதானே" என்றார் மானேஜர். அதற்குப் பதிலாக மூன்று பாஷையில் ஒரு போர்டு மாட்டினார்கள், இனிமேல் குமிழைத் தொட்டு நிறுத்தக்கூடாது, சிவப்பைத்தான் அமுக்க வேண்டும் என்று. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. அடுத்த மாதமே, கரண்ட் மிச்சமாகிறது, மோட்டார் கருகுவதில்லை என்று மற்ற மூன்று மெஷினுக்கும் அதே பெட்டியை வாங்கி மாட்டினார்கள். மாட்டத் தங்கராஜு வரவில்லை. வேலையை விட்டுவிட்டான் என்று அப்புறம் தெரிந்தது.

நஷ்டஈடு என்று ஏதோ வந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. வீடுதான் பேச்சு. குடும்பத்தில் ஒருவர் அந்த இடத்தில் நின்றால் வீட்டில் இருக்கலாம் என்றார் மானேஜர். அவர் அதை ஒரு உபகாரமாகத்தான் சொன்னார்.

நீலாவதியை ரஹாங்குக்குக் கூட்டிப் போகிறேன், எப்படியாவது பரீட்சை எழுத வைக்கிறேன் என்று தங்கராஜு வந்து நின்றான். முத்தாயியும் போகச் சொல்லிக் கெஞ்சினாள். பிள்ளை கேட்கவில்லை. "அம்மாவுக்குச் சோறு பெசஞ்சு குடுக்கறது யாரு மாமா? தல சீவி விடறது யாரு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பள்ளிக்கூட உடுப்பை மடித்து வைத்துவிட்டு, தாயின் ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் நம்பருக்கு வந்தாள். காலணி அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது.

இப்போது நீலாவதி முன்னால் நின்று கொடுக்கிறாள், நான் பின்னால் நின்று வாங்குகிறேன். நல்ல கெட்டிக்காரி, ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

லயம் பாக்டரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன்பு அந்தக் கீச்சு வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும், மெஷினில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் இருந்தே தெரியும். இப்போது முத்தாயிக்கு வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஓடுகிறதோ, நிற்கிறதோ, நிற்கிற மாதிரி இருக்கிறதோ. உலையை வைத்துவிட்டுப் பாக்டரிக்கு வருகிறாள், உலை கொதிப்பதற்குள் மறுபடி வருகிறாள். உள்ளே வரக்கூடாது என்று மானேஜர் சொல்லியிருக்கிறார், அதனால் வாசல் கம்பிக்கு வெளியே நின்றுகொள்கிறாள். சன்னாசி அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் போய்விடுகிறார்.

"நீலா, கையக் காட்டு."

நீலாவதி சிவப்பை அமுக்குகிறாள். கையில் இருக்கிற பாலைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறாள், விரல்களை நன்றாக விரித்து. தாய் எண்ணுகிற வரை அப்படியே வைத்திருக்கிறாள். முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்து சட்டைக்குள் போகிறது.

பார்த்தாயிற்று, வேலையைப் பார் என்று முத்தாயி அங்கிருந்து வலது கையை ஆட்டுகிறாள். அந்தப் பக்கம் கை இல்லை என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.